டிரான்சிஸ்டர் பேண்ட் ஹை?

விமானத்தில் ஏறுகிறவர்கள் டிரான்சிஸ்டரை அணைக்கச் சொன்னால் உண்மையிலேயே அணைக்கிறார்களா என்று யாராவது என்னைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வராது, கோபம்தான் வரும். அணைத்துவிட்டேன் என்று சொல்வார்கள். அவ்வளவுதான். போர்ட் பிளேர் விமானத் தளத்து ஆபீசில் பதினேழு வருஷம் டைப் அடித்தவன் நான். அந்தக் கேள்வியைக் கேட்பதையே உத்தியோகமாகக் கொண்டிருந்த ஒருவன் என் மேசைக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் பெயர் பக்தவத்சலம். பியூன். அவனைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துத் தள்ளிப் போட்டு வந்தேன். எழுதினால் என் வண்டவாளமும் கூடவே வெளியே வரும் என்பதுதான் காரணம்.

பக்தவத்சலத்துக்கு ஊர் மதுராந்தகம் பக்கம். அண்ணனுடைய அரிசி மண்டியில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். அங்கே அவனுக்குப் பெயரே கிடையாது. அண்ணன் "டேய்" என்பார், அண்ணி "இந்தா" என்பாள், மண்டிக்கு வருகிறவர்கள் கையைத் தட்டிக் கூப்பிடுவார்கள். யாரோ சிபாரிசு செய்து அந்தமானில் மூன்று வருஷத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. மூன்று வருஷம் முடிந்ததும் மெயின்லேண்டுக்கு மாற்றல் கேட்டு மனு போடலாம் என்று உத்தரவிலேயே எழுதியிருந்தார்கள். அந்த வரியைக் காட்டித்தான் விசாலாட்சியைக் கட்டிக்கொண்டு வந்தான். அவளுக்குப் பத்தொன்பது வயது.

1959 ஐப்பசியில் கப்பல் ஏறினார்கள். ஐப்பசிக் கடல் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கப்பலின் அடித்தட்டில், பங்க் கிளாஸில், நாலு நாள். விசாலாட்சிக்கு அப்போது மூன்று மாதம். ஏறிய அன்று மாலையில் தொடங்கிய வாந்தி நிற்கவே இல்லை. ஜன்னல் கிடையாது, எந்தப் பக்கம் தலையைத் திருப்பினாலும் இரும்புச் சுவர், இன்னொருத்தர் கால். மூன்றாம் நாள் கர்ப்பம் கலைந்துவிட்டது. சாத்தாம் ஜெட்டியில், போர்ட் பிளேர் கப்பல் துறையில், இறங்கியபோது அவளை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தை தங்கவில்லை.

மின்னி பே என்ற இடத்தில் எங்களுக்கு அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ். மரச் சுவர், தகரக் கூரை. மழை பிடித்தால் எட்டு மாதம் விடாது. என் மனைவி புஷ்பத்திடம் விசாலாட்சி வந்த புதிதில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அக்கா, லீவுல போய் வரலாமேன்னு மட்டும் சொல்லாதீங்க. போனா திரும்பி வரணுமே. நீ இனிமே வர வேண்டியதில்லைன்னு கவர்மெண்ட் எழுதிக் குடுக்கட்டும். கண்ண மூடிக்கிட்டு ஒரே ஒரு தடவ ஏறிடறேன். செத்தாலும் அந்தக் கரையில போய்ச் சாவறேன்."

இதை அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. 1964இல் அவளுடைய அம்மா செத்துப்போன தந்தி வந்தபோதும் அவள் கப்பல் ஏறவில்லை. ஜெட்டி வரைக்கும் போனாள். கப்பலைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதுவிட்டுத் திரும்பி வந்தாள். ஆக, விமான டிக்கெட் பியூன் சம்பளத்துக்கு எட்டாது என்பதால், அவளுக்கு இந்தத் தீவை விட்டுப் போக ஒரே வழி, மாற்றல் ஆர்டர். அந்த ஆர்டருக்கு ஒரே வழி, புருஷன் போடும் மனு.

மனுவை நான்தான் டைப் அடித்துக் கொடுத்தேன். மார்ச்சில் மாற்றல் பட்டியல் போடுவார்கள் என்பதால் ஒவ்வொரு ஜனவரியும் அடிப்பேன். 1962இல் முதல் மனு. மனைவியின் உடல்நிலையைக் காரணம் காட்டி, இரண்டு பத்தி இங்கிலீஷ், கெட்டியான ஃபுல்ஸ்கேப் காகிதம், கார்பன் வைத்து மூன்று பிரதி. மனைவி சம்மதக் கையெழுத்தும் இருந்தால் எடுபடும் என்று நான் சொன்னதால், மூன்று பிரதியிலும் கீழே விசாலாட்சி தமிழில் கையெழுத்துப் போடுவாள். 'வி. விசாலாட்சி' என்று, 'ட்'டுக்குப் புள்ளியை அழுத்தி வைத்து. கையெழுத்துப் போடுவதற்குத் தலைக்குக் குளித்துவிட்டு வருவாள். பார்க்கிற எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

சாயந்திரம் அவன் வீட்டுக்குப் போனதும் கேட்பாளாம்: "மனு போட்டாச்சா?"

"போட்டாச்சு. ஆர்டர் வந்ததும் போயிட வேண்டியதுதான்."

அவன் போடவில்லை. ஒரு வருஷமும் போடவில்லை. மனு எங்கள் ஆபீசர் வழியாகத்தான் மேலே போக வேண்டும், ஆபீசர் மேசைக்குப் போகிற எந்தக் காகிதமும் என் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். என் கைக்கு அது வரவே இல்லை. முதல் வருஷம் பிப்ரவரி முடிகிற சமயம் கேட்டேன்.

"ஏம்ப்பா பக்தா, மனு இன்னா ஆச்சு?" அவன் ஊர்ப் பேச்சிலேயே கேட்டேன்.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம் சார். இப்ப போனா திரும்பியும் அண்ணன் மண்டிதான் பக்கத்துல. இங்க ஒரு மரியாத கீது."

"விசாலாட்சிகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிக்கலாம் சார், சலேகா."

சலேகா என்றால் நடக்கும், பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம். தீவில் வந்து முதலில் ஒட்டிக்கொள்கிற இந்தி வார்த்தை அதுதான். நானும் சலேகா என்றுதான் இருந்தேன். அடுத்த ஜனவரி மறுபடி டைப் அடித்தேன். அவள் தலைக்குக் குளித்து வந்து கையெழுத்துப் போட்டாள். இது மேலே போகப் போவதில்லை அம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்தவன் குடும்ப விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு அப்படி ஒரு நல்ல பெயர் வைத்துக்கொள்ளலாம்.

இனி டிரான்சிஸ்டருக்கு வருகிறேன்.

அப்போதெல்லாம் வாரத்துக்கு ஒரு விமானம், புதன்கிழமை. கல்கத்தாவிலிருந்து வந்து, ரங்கூனில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு கல்கத்தா திரும்பும். நாற்பது பேர் போவார்கள். கப்பல்காரர்களிடம் வாங்கிய டிரான்சிஸ்டர் எல்லார் கையிலும் வந்து சேர்ந்த காலம். தோல் உறை போட்டுக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு ஏறுவார்கள். அதைப் பாடவிட்டால் விமானத்தின் திசை காட்டும் கருவி குழம்பும், கீழே கடலைத் தவிர வேறொன்றும் இல்லை, ஆகவே அணைக்கச் சொல் என்று 1966இல் உத்தரவு வந்தது. ஏறியவர்களிடம் கேட்டு, எல்லாம் அணைந்தது என்று படிவத்தில் குறி போட்டு விமானிக்குக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். பக்தவத்சலத்தைப் போட்டார்கள்.

எங்கள் ஆபீசர் ஒரு பெங்காலி. பக்தவத்சலத்துக்கு இந்தி எழுத்து தெரியாது, இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிப்பான். அதனால் அவர் ஓர் அட்டையில் இங்கிலீஷ் எழுத்திலேயே இந்தியை எழுதிக் கொடுத்தார்: டிரான்சிஸ்டர் பந்த் ஹை? அணைத்திருக்கிறதா என்று அர்த்தம். பி, ஏ, என், டி. பக்தவத்சலம் அதைக் கல்யாணத்தில் வாசிக்கிற பேண்டு என்று படித்துக்கொண்டான். "டிரான்சிஸ்டர் பேண்ட் ஹை?" பஜாரில் கடை மூடியிருந்தால் 'துகான் பந்த் ஹை' என்று சரியாகத்தான் சொல்வான். அது பஜார் இந்தி, இது கவர்மெண்ட் அட்டை, இரண்டும் ஒரே வார்த்தை என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கேட்டவர்களும் ஏதோ அணைக்கச் சொல்கிறான் என்று தாங்களாகவே புரிந்துகொண்டு "ஹாங் ஜி" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டினார்கள்.

அந்தத் தலையாட்டல்தான் அவனைக் கெடுத்தது. காக்கிச் சட்டையை வெங்கலச் செம்பில் கரி போட்டுத் தேய்த்துப் போட்டுக்கொள்வான். தொப்பியைச் சரி செய்துகொண்டு ஏணியில் ஏறுவான். நடுவழியில் நின்று ஒவ்வொரு சீட்டாகக் கேட்பான். கர்னல், கமிஷனர், பெரிய காண்டிராக்டர் எல்லாரும் நிமிர்ந்து பார்த்து அவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவன் குறி போட்டால்தான் விமானம் கிளம்பும். ஏணியிலிருந்து இறங்கி வந்து என்னிடம் "சப் ஓகே சார்" என்று, எல்லாம் சரி என்று, சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். மண்டியில் "டேய்" என்று கூப்பிடப்பட்டவன் முகம் இல்லை அது. அதை விட்டுவிட்டு அவன் எங்கே மனு போடப் போகிறான்?

விமானத் தளத்துக்கு வேலி உண்டு. மாடு வராமல் இருக்கப் போட்ட முள்கம்பி வேலி. ஒவ்வொரு புதன்கிழமையும் விசாலாட்சி அந்த வேலி ஓரத்தில் வந்து நிற்பாள். கையில் புருஷனுக்குச் சாப்பாட்டுத் தூக்கு இருக்கும். சாப்பாடு ஒரு சாக்குதான். விமானம் ஓடி, எழும்பி, மலையைத் தாண்டி, புள்ளியாகி மறைகிற வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒருமுறை நான் பக்கத்தில் போய், "என்னம்மா, வாரா வாரம் பாக்கறதுதானே?" என்றேன்.

"அவ்வளவு பேரையும் இவர்தானேண்ணே அனுப்பி வைக்கிறாரு," என்றாள். "என்னிக்கு எங்கள அனுப்பப் போறாங்களோ. கெணத்துக்குள்ள இருந்துகிட்டு மேல பாக்கற மாதிரி இருக்குது எனக்கு."

கட்டைவிரலால் முள்ளை நெருடிக்கொண்டே சொன்னாள். நான் வெயிலைப் பற்றி ஏதோ பேசிவிட்டு வந்துவிட்டேன்.

1968இல் நடு அந்தமானில் உள்ள ரங்கத்திலிருந்து ஜம்புலிங்கம் என்ற மரக் காண்டிராக்டர் முதல் தடவையாக விமானம் ஏறினார். மடியில் புத்தம் புது டிரான்சிஸ்டர். பக்தவத்சலம் அவரிடம் வந்து, "டிரான்சிஸ்டர் பேண்ட் ஹை?" என்றான். எத்தனை பேண்டு என்று ஜாதகம் கேட்கிறான் என்று நினைத்த ஜம்புலிங்கம் பெருமையாக, "ஹை, ஹை. தீன் பேண்ட்!" என்றார். மூன்று பேண்டு, அதாவது மூன்று அலைவரிசை. பக்தவத்சலம் குறி போட்டு இறங்கினான். நடுக்கடலுக்கு மேலே அந்த மூன்று பேண்டும் பாடின. விமானி வெளியே வந்து சத்தம் போட்டாராம். ஜம்புலிங்கம் பதிலுக்குச் சத்தம் போட்டாராம்: "கீழ ஒருத்தர் வந்து எத்தன பேண்டுன்னு கேட்டாரு, மூணுன்னேன், சரின்னு எழுதிக்கிட்டுப் போனாரு. அணைக்கணும்னு எவன்யா சொன்னான்?"

ஆபீசே ஒரு வாரம் சிரித்தது. ஆபீசர் மட்டும் சிரிக்கவில்லை. பக்தவத்சலத்தை நிற்க வைத்து, "போலோ, பந்த்! பேண்ட் நஹி, பந்த்!" என்று இருபது தடவை சொல்ல வைத்தார். இரண்டு வருஷமாக அவன் யாரையும் அணைக்கச் சொல்லவே இல்லை, யாரும் அணைக்கவும் இல்லை, விமானம் பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகு புது ஏற்பாடு. வாய்ச்சொல்லை நம்பக் கூடாது. ஒவ்வொரு டிரான்சிஸ்டரிலிருந்தும் பேட்டரிக் கட்டையைக் கழற்றி, காகிதத்தில் மடித்து, மேலே ஆள் பெயர் எழுதி ஏர் ஹோஸ்டஸிடம் கொடுக்க வேண்டும். கல்கத்தாவில் இறங்கியதும் திருப்பிக் கொடுப்பார்கள்.

உத்தரவு வந்தது, மடிக்கக் காகிதம் வரவில்லை. செய்தித்தாளோ வாரத்துக்கு ஒருமுறை விமானத்தில் வருவது, அதற்கு ஆபீசில் அடிதடி. பக்தவத்சலம் எங்கிருந்தோ நல்ல கெட்டிக் காகிதமாகக் கொண்டு வந்தான். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், அதில் பெயர் எழுதுவான். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வருஷத்துக்கு மூன்று பிரதி, கவர்மெண்ட் காகிதத்தைக் கிழிக்க மனசு வராமல் பூட்டிய டிரங்குப் பெட்டியில் அவன் அடுக்கி வைத்திருந்த மனுக்கள்தான் அவை.

1969 நவம்பரில் புஷ்பத்துக்குக் கண்ணில் ஆபரேஷன். விமானத்தில் கல்கத்தா அனுப்பினேன். போகும்போது எங்கள் டிரான்சிஸ்டரை எடுத்துப் போனவள், அதை அங்கேயே தன் தங்கைக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலில் திரும்பினாள். விமானத்தில் திருப்பிக் கொடுத்த பேட்டரிக் கட்டைகள் மட்டும் மடித்தபடியே பையில் கிடந்தன. வந்த மறுநாள் அவர்கள் வீட்டு டிரான்சிஸ்டருக்கு ஆகட்டும் என்று அவற்றை விசாலாட்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

அன்று நான் ஆபீசிலிருந்து வந்ததும் புஷ்பம் சொன்னாள்: "விசாலத்துக்கு என்னவோ போலிருக்குங்க. கட்டைய எடுத்துக்கன்னு பொட்டணத்த நீட்டினேன். பிரிச்சா. காகிதத்தையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் அத நாலா மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டா. கட்டைய அப்படியே தரையில வச்சுட்டா."

"என்ன காகிதம்?"

"இங்கிலீஷ்ல டைப் அடிச்சிருந்துச்சு. கீழ தமிழ்ல அவ பேரு."

சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுத்த வீட்டில் சண்டை நடக்கும், பாத்திரம் உருளும் என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. மறுநாளும் இல்லை. புதன்கிழமை அவள் வழக்கம்போலத் தூக்கோடு வேலி ஓரத்தில் வந்து நின்றாள்.

ஜனவரி வந்தது. பக்தவத்சலம் வழக்கம்போல என்னிடம் மனுவுக்குச் சொன்னான். டைப் அடித்தேன். ஒன்பதாவது மனு. அவள் வந்தாள். தலைக்குக் குளிக்கவில்லை. பேனாவை வாங்கிக்கொண்டு, பக்தவத்சலம் டீ வாங்க வெளியே போன சமயம் பார்த்து, என்னைக் கேட்டாள்.

"அண்ணே, நீங்க அடிச்சுக் குடுத்ததெல்லாம் மேல போச்சா?"

நான் டைப்ரைட்டரில் ரிப்பனைச் சரி செய்தேன். "ஆபீஸ் விஷயம்மா. மேல என்ன பண்றாங்கன்னு நமக்குத் தெரியுமா?"

அவள் என்னையே பார்த்தாள். "உங்க வாயும் பந்த் ஹை," என்றாள். குனிந்து மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டாள். 'ட்'டுக்குப் புள்ளி அழுத்தமாகவே விழுந்தது.

அன்று சாயந்திரம் அவனுக்கு அவள் ஒரு சந்தர்ப்பம் கொடுத்தாள். இதைப் பின்னால் பக்தவத்சலமே என்னிடம் சொன்னான். சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, "மனு போட்டாச்சா?" என்றாளாம். "போட்டாச்சு, ஆர்டர் வந்ததும் போயிட வேண்டியதுதான்" என்றானாம். "நெசமாவா?" என்றாளாம். ஒன்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. "நெசமாத்தான். இன்னா சந்தேகம் ஒனக்கு?" என்று மோரை ஊற்றிக்கொண்டானாம். முட்டாள். அந்த இடத்தில் ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், திட்டியிருப்பாள், பத்து நாள் பேசாமல் இருந்திருப்பாள், அதோடு போயிருக்கும்.

அவளுடைய அண்ணன் ராஜமாணிக்கம் கல்கத்தா பக்கத்துக் கரக்பூரில் ரயில்வே ஒர்க் ஷாப்பில் இருந்தார். அதுவரை அண்ணனிடம் அவள் எதையும் கேட்டதில்லை. எப்படியும் ஆர்டர் வரப் போகிறது, அண்ணனை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று இருந்தவள். இப்போது கடிதம் எழுதினாள். பிப்ரவரியில் விமான டிக்கெட் வந்தது. அண்ணன் மகளுக்குக் கல்யாணம், ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று புருஷனிடம் சொன்னாள். பக்தவத்சலத்துக்குத் தலைகால் புரியவில்லை. தன் மனைவி விமானத்தில் போகப் போகிறாள், தானே ஏறி அவளிடம் கேள்வி கேட்கப் போகிறான். ஜன்னல் ஓரமாக ஏழாம் நம்பர் சீட் வாங்கிக் கொடுத்தான். வீட்டு டிரான்சிஸ்டரையும் தோல் உறையைத் துடைத்து அவள் கையிலேயே கொடுத்தான், கல்யாண வீட்டில் பாட்டு கேட்கட்டும் என்று.

அந்தப் புதன்கிழமை பயணிகள் பட்டியலை விமானியிடம் கொடுக்க நானும் ஏணியில் ஏறினேன். பக்தவத்சலம் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். உள்ளே ஒரே புழுக்கம். கிளம்பாமல் நிற்கிற விமானத்துக்குள் நிற்பது மூடி போட்ட அண்டாவுக்குள் நிற்கிற மாதிரி. அவன் ஒவ்வொரு சீட்டாகக் கேட்டு, கட்டையை வாங்கி, மடித்து, பெயர் எழுதி, ஏழாம் நம்பருக்கு வந்தான். பெருமையும் கூச்சமுமாக, ஆபீசர் இருபது தடவை சொல்லிக் கொடுத்ததெல்லாம் பறந்துபோய், பழைய வாய் வந்துவிட்டது.

"டிரான்சிஸ்டர் பேண்ட் ஹை?"

பக்கத்து சீட்காரர் சிரித்தார். விசாலாட்சி சிரிக்கவில்லை. "கழட்டியாச்சு," என்று ஒரு பொட்டணத்தை நீட்டினாள். முன்பே மடித்து வைத்திருந்தாள். பெயர் எழுத அவன் பொட்டணத்தைத் திருப்பினான். வெள்ளைப் பக்கம் உள்ளே இருந்தது. வெளிப்பக்கத்தில் என் டைப், என் தேதி, 1963 ஜனவரி, அதற்குக் கீழே 'வி. விசாலாட்சி'.

அவன் பேனா அப்படியே நின்றது. பின்னால் ஒரு கர்னல் என்ன ஆச்சு என்று புரியாமல், "க்யா ஹுவா?" என்றார். நகர்ந்து போகவும் முடியாமல், அவளிடம் பேசவும் முடியாமல், நாற்பது பேர் பார்க்க, இரண்டு சீட் வரிசைக்கு நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடத்தில் அவன் மாட்டிக்கொண்டு நின்றான். எனக்கும் அவனைத் தாண்டி விமானியிடம் போக வழி இல்லை.

"விசாலம்," என்றான் மெல்ல. "எப்ப வருவே?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லாத குரலில், அவன் ஒன்பது வருஷமாகச் சொன்ன அதே தினுசில் சொன்னாள்:

"மனு போட்டிருக்கேன். ஆர்டர் வந்ததும் வந்துட வேண்டியதுதான்."

ஏர் ஹோஸ்டஸ் வந்து பொட்டணத்தை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவன் படிவத்தில் ஏழாம் நம்பருக்கு எதிரே குறி போட்டான். மீதிச் சீட்டுகளிடமும் கேட்டான். இறங்கி வந்தான். "சப் ஓகே சார்," என்றான் என்னிடம், நான் அவன் பின்னாலேயே இறங்கி வந்தவன் என்பதுகூடத் தெரியாமல். விமானம் ஓடி எழும்பியது. அவன் வேலி ஓரத்துக்குப் போய், அவள் நிற்கிற இடத்தில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்த புதன்கிழமை விமானத்திலேயே புகார் வந்தது. ஏழாம் நம்பர் பயணியின் டிரான்சிஸ்டர் ரங்கூன் வரைக்கும் பாடியிருக்கிறது. பொட்டணத்தில் இருந்தவை செத்த கட்டைகள். நல்ல கட்டைகள் உள்ளேதான் இருந்தன. ஏன் சோதிக்கவில்லை என்று பக்தவத்சலத்திடம் விளக்கம் கேட்டார்கள். அவன் சொல்ல நான் டைப் அடித்தேன். "கேட்டேன். கழற்றியாச்சு என்றார். நம்பினேன்." அவ்வளவுதான் விளக்கம். ஆபீசர் அதைப் படித்துவிட்டு, ஏணி வேலையிலிருந்து எடுத்து அவனை வேலிக் கதவில் போட்டார். அங்கே யாரும் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. மாட்டை விரட்டினால் போதும்.

ஒரு மாதம் ஆனது. இரண்டு மாதம் ஆனது. அவள் வரவில்லை, கடிதமும் வரவில்லை. அப்போதுதான் அவன் வந்து என் முன்னால் நின்றான்.

"சார், ஒரு மனு அடிக்கணும். இந்த வாட்டி நானே ஆபீசர்கிட்ட வச்சிட்றேன். நீங்க கூட வாங்க."

கூடப் போனேன். ஆபீசர் சிபாரிசு எழுதினார். மனு கப்பலில் போனது. ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தான். நான் இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொன்னேன். மனு கிடைத்தது. உங்களுக்கு முன்னால் மனு போட்டுப் பல வருஷங்களாகக் காத்திருக்கும் ஊழியர்கள் இருக்கிறார்கள். தங்களிடமிருந்து வந்துள்ள முதல் மனு இதுவே என்பதால், தங்கள் பெயர் பட்டியலின் கடைசியில் சேர்க்கப்பட்டுள்ளது.

"முதல் மனுன்னா போட்டுக்கிறான்?"

"ஆமா."

குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், இதையே திரும்ப அடிக்க முடியுமா? எல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்த ஒரு வார்த்தைய மட்டும் பத்தாவதுன்னு போட்டு. அவளுக்கு அனுப்பணும்," என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அறைந்திருப்பேன். "இத்தன வருஷமா நான் அடிச்சுக் குடுத்தது பத்தாதாடா?" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் அது எனக்கே நான் கத்தியது என்று புரிந்தது. கடைசியில் அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில், இங்கிலீஷில் இருந்ததை ஒரு வார்த்தையும் மாற்றாமல் தமிழில் எழுதினேன். 'முதல் மனு' என்றே எழுதினேன். அதற்குக் கீழே அவன் தன் பெயரை எழுதினான். அவளுக்கு அவன் அனுப்பிய முதல் நிஜம் அது. கரக்பூர் விலாசம் எழுதி நானே தபாலில் சேர்த்தேன்.

ஆறு வாரம் கழித்து, கப்பல் தபாலில் அவன் பெயருக்கு ஒரு சின்னப் பார்சல் வந்தது. என் மேசையில் வைத்துத்தான் பிரித்தான். நாங்கள் அனுப்பிய அதே கடிதம். அதற்குள் மடித்து இரண்டு பேட்டரிக் கட்டைகள். வேறு ஓர் எழுத்து இல்லை. அவன் கடிதத்தின் இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஆபீஸ் டிரான்சிஸ்டரைத் திறந்து, அந்தக் கட்டைகளைப் போட்டு, குமிழைத் திருகினான். கரகரப்புகூட வரவில்லை.

"அர்த்தம் இன்னா சார்?" என்றான்.

அவனுக்காக எத்தனையோ இங்கிலீஷ் காகிதத்துக்கு அர்த்தம் சொன்னவன் நான். இதற்கு அவனே டிரான்சிஸ்டரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னான்.

"பந்த் ஹை."

இந்த முறை சரியாகத்தான் உச்சரித்தான்.